சின்ன நண்டு என்ன சாப்பிடுகிறது? மோரிப் கரையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

"மாமா, நண்டு மண்ணைத்தானே திங்குது?"

ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் அக்காள் மகள் மோரிப் கரையில் வைத்துக் கேட்டாள். அவள் கண்ணுக்கு முன்னால் பட்டாணி அளவு நண்டு ஒன்று, இரண்டு கையாலும் மணலை அள்ளி அள்ளி வாயில் திணித்துக்கொண்டிருந்தது. பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். "அது எதை வெளியே போடுதுன்னு பாரும்மா" என்று மட்டும் சொன்னேன். முக்கால் மணி நேரம் கழித்து அவளே வந்து சொன்னாள்: "மண்ணு பூரா வெளியே வந்துடுது மாமா. அப்ப உள்ளே போனது வேற என்னமோ."

இந்த வழிகாட்டி அந்த "வேற என்னமோ"வைப் பற்றியது. ஒரு விலங்கு எதைத் தின்கிறது என்று தெரிய, அது கழித்துப் போட்டதை முதலில் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடம் தேவையில்லை. அசையாமல் உட்காரத் தெரிந்தால் போதும்.

நாங்கள் இருப்பது மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பந்திங். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். மோரிப்புக்கு மோட்டாரில் அரை மணி நேரம்கூட ஆகாது. இந்தப் பக்கத்துக் கடலோரத் தோட்டங்களில் உப்புத் தண்ணீர் உள்ளே வராமல் மண் அணை கட்டி, நீர்க்கதவு வைத்திருப்பார்கள். அணைக்கு அந்தப் பக்கம் பாக்காவ் என்னும் சதுப்புநிலக் காடு, இந்தப் பக்கம் செம்பனை. கதவை ஒட்டிய பாரிட்டில், அதாவது வாய்க்காலில், நண்டுகள் ஓடுவதைப் பார்க்காமல் வளர்ந்த தோட்டத்துப் பிள்ளை குறைவு. அவற்றைத் துரத்தியிருக்கிறோம், பிடித்துப் போத்தலில் போட்டிருக்கிறோம். அவை என்ன சாப்பிடும் என்று மட்டும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

முதல் படி: நாளும் நேரமும்

நேரம் தவறினால் மற்ற எதுவும் சரியாக வராது. கிள்ளான் கரையோரத்தில் ஒரு நாளில் இரண்டு முறை தண்ணீர் ஏறும், இரண்டு முறை இறங்கும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே நான்கு மீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரும். அஷ்டமியை ஒட்டி அதில் பாதிகூட இருக்காது. மோரிப் போன்ற தட்டையான கரையில் நான்கு மீட்டர் இறக்கம் என்றால் கடல் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விடும், பெரிய மைதானமே திறந்து கிடக்கும்.

ஆனால் சரியாகப் பௌர்ணமி அன்று போகாதீர்கள் என்பது என் கருத்து. அந்த நாட்களில் இங்கே வற்றம், அதாவது தண்ணீர் முழுக்க இறங்கி நிற்கும் நேரம், பெரும்பாலும் நண்பகலை ஒட்டி வருகிறது. பிள்ளைகளோடு உச்சி வெயிலில் திறந்த மணலில் உட்கார முடியாது. வற்ற நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் மூன்று நாள் முன்னதாகப் போனால் காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் வற்றம் கிடைக்கும். வீட்டில் தொங்கும் தமிழ் நாட்காட்டியில் திதியைப் பார்த்தாலே கணக்கு வந்துவிடும். அப்புறம் பெலாபுஹான் கிளாங் (கிள்ளான் துறைமுகம்) நிலையத்தின் பாசாங் சுருட் எனப்படும் ஏற்ற இறக்க அட்டவணையில் நிமிடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். அதை நில அளவை, வரைபடத் துறையான ஜூப்பெம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது.

வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே கரையில் இருங்கள். தண்ணீர் விலகிய இடம் கொஞ்சம் வடிந்ததும் நண்டுகள் மேலே வரும். மணல் ஈரமாக இருக்கும்வரைதான் அவற்றுக்குச் சாப்பாடு. ஏன் என்று நான்காவது படியில் சொல்கிறேன். மழை பெய்தால் திரும்பிவிடுங்கள், பெரும்பாலானவை வெளியே வராது. இடி கேட்டால் ஒரு நிமிடமும் நிற்க வேண்டாம். திறந்த கரையில் உயரமாக நிற்பது நீங்கள் மட்டும்தான்.

இரண்டாவது படி: எடுத்துப்போக வேண்டியவை

பின்வாரிட்ட செருப்பு அல்லது பழைய காலணி, தொப்பி, நிறையக் குடிதண்ணீர். ஒரு பூதக்கண்ணாடி, அடிக்கோல், பென்சில், சின்ன நோட்டுப் புத்தகம். பேனா வேண்டாம், ஈரத்தில் எழுதாது. மூடியுள்ள கண்ணாடிப் போத்தல் இரண்டு, வெள்ளைத் தட்டு ஒன்று, தையல் நூல், நிறத் துணித்துண்டு. துணி மாட்டும் கம்பி ஒன்றை நிமிர்த்தி, பக்கத்துக்கு 20 சென்டிமீட்டர் வரும்படி சதுரமாக வளைத்துக்கொள்ளுங்கள், எண்ணிக்கைக்கு உதவும். உட்கார ஒரு பழைய உரப் பை.

கைப்பேசியில் வற்ற நேரத்துக்கு மணி வைத்துவிடுங்கள். மணி அடித்ததும் எல்லோரும் கரைப்பக்கம் திரும்ப வேண்டும், பேச்சே இல்லை. தட்டையான கரையில் தண்ணீர் நேராக முன்னால் இருந்து மட்டும் வராது. பள்ளமான ஓடைகள் வழியாக முதுகுக்குப் பின்னாலும் வந்து நிரப்பும். கணுக்காலுக்கு மேல் கால் புதைகிற சேற்றுக்குள் பிள்ளைகளை விடவே கூடாது.

பட்டியலில் வலையும் வாளியும் இல்லை. மறந்து விட்டதல்ல. பிடிபட்ட நண்டு சாப்பிடாது. வாளிக்குள் இருக்கும் நண்டிடம் அதன் சாப்பாட்டைப் பற்றி ஒன்றுமே தெரிந்துகொள்ள முடியாது.

மூன்றாவது படி: உட்காருமுன் ஒரு நடை

கரையின் மேல்விளிம்பில் இருந்து தண்ணீர் வரை ஒரு தடவை மெதுவாக நடந்து வாருங்கள். எதையும் தொட வேண்டாம். ஒவ்வோர் உயரத்திலும் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாலே சாப்பாட்டுக் கதை பாதி புரியும்.

மேலே, கடைசி ஏற்றம் விட்டுப்போன குப்பைக் கோடு கிடக்கும்: பாக்காவ் இலை, தென்னை மட்டை, கடற்பாசி, நம்முடைய பிளாஸ்டிக். இலைக்குவியலை ஒரு குச்சியால் புரட்டினால் அரிசி அளவில் பக்கவாட்டில் தட்டையான உயிர்கள் வெடித்துச் சிதறுவதுபோல் துள்ளும். பூச்சி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவையும் நண்டு, இறால் இனத்தைச் சேர்ந்தவைதான். அழுகும் இலையும் பாசியும் அவற்றின் உணவு. பகலில் காய்ந்து போகாமல் ஈரத்துக்குள் ஒளிந்திருந்து இரவில் வெளியே வந்து மேயும். குப்பைக் கோட்டை மீண்டும் மணலுக்கு உரமாக்குகிற வேலை பெருமளவு இவற்றுடையது. கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று பிளாஸ்டிக்கோடு சேர்த்து இலையையும் பாசியையும் வாரிவிடும்போது இவற்றின் சாப்பாட்டுத் தட்டைத்தான் வாரிவிடுகிறோம். பிளாஸ்டிக்கை மட்டும் பொறுக்கினால் நல்லது.

அதற்குக் கீழே சற்றே சேறு கலந்த மணல். அங்கேதான் தரை முழுக்கச் சின்னச் சின்ன உருண்டைகள் கோலப்புள்ளி வைத்ததுபோல் பரவிக் கிடக்கும். மணல் மறைந்து சேறு தொடங்கும் பக்கம், பாக்காவ் மரங்களை ஒட்டி, ஒரு கை பெருத்த பிடில் நண்டுகள். தேங்கிய குட்டைகளில் கடல் நத்தையின் ஓட்டைச் சுமந்து நடக்கும் சங்கு நண்டுகள், மலாயில் உமாங்-உமாங் என்பார்கள். பாறையிலும் தூணிலும் வெள்ளை எரிமலை மாதிரி ஒட்டியிருப்பவற்றை மலாயில் தெரித்திப் என்பார்கள். அவற்றுக்கு ஏழாவது படியில் வருவோம்.

நான்காவது படி: உருண்டை நண்டின் முன்னால் உட்காருங்கள்

அவசரமாகப் படிக்கிறவர்கள் மற்ற படிகளைத் தாண்டிப் போனாலும் இதை மட்டும் தாண்ட வேண்டாம்.

உருண்டைகள் நிறைந்த இடத்தில் உரப் பையைப் போட்டு, சூரியன் உங்களுக்கு எதிரே இருக்கும்படி உட்காருங்கள். நிழல் உருண்டைகள் மேல் விழக்கூடாது. நீங்கள் வந்த அதிர்வில் எல்லா நண்டும் குழிக்குள் போயிருக்கும். பத்து நிமிடம் கை கால் அசைக்காமல் இருங்கள். பிள்ளைகளுக்கு முதல் ஐந்து நிமிடம் கஷ்டம். ஆறாவது நிமிடம் ஒரு குழியில் இரண்டு கண் தண்டுகள் எட்டிப் பார்க்கும். அதன் பிறகு எழுந்து போகச் சொன்னாலும் போக மாட்டார்கள்.

இந்த உருண்டை நண்டுகளில் இரண்டு வகையைக் கவனியுங்கள். டொட்டில்லா என்பதற்கு உருண்டையான உடல், சுமார் ஒரு சென்டிமீட்டர் இருக்கும். பலவும் கூட்டமாகக் குழியை விட்டு விலகிப் போய் மேயும். ஸ்கோபிமெரா குழியை விட்டுத் தூரம் போகாது. குழியில் இருந்து சக்கரத்தின் ஆரக்கால்போல் நேர்கோட்டில் மணலைச் சுரண்டிக்கொண்டே போகும், திரும்பும், பக்கத்தில் அடுத்த கோட்டைத் தொடங்கும். ஆபத்து என்றால் ஓடி ஒளிய அந்தப் பாதை எப்போதும் உருண்டை விழாமல் சுத்தமாக இருக்கும்.

இப்போது ஒரே நண்டை மட்டும் பாருங்கள். கண்ணை மாற்றாதீர்கள். கைகள் இரண்டும் மேல்மணலை மட்டும் சுரண்டுகின்றன, ஆழமாகத் தோண்டவில்லை. வாய்க்குள் போகிறது. சிறிது நேரத்தில் வாய்க்கு முன்னால் ஈரமான மணல் திரண்டு உருண்டையாகிறது. நண்டு அதைக் கையால் கிள்ளி எடுத்து, கால்களுக்கு இடையே பின்னால் தள்ளிவிட்டு முன்னேறுகிறது.

வாய்க்குள் என்ன நடக்கிறது? அரிசியில் கல் இருந்த காலத்தில் அம்மா எப்படி அரித்தார் என்று நினைத்துப் பாருங்கள். சட்டியில் தண்ணீர் விட்டு, ஆட்டி ஆட்டிச் சாய்ப்பார். அரிசி தண்ணீரோடு அடுத்த சட்டிக்குப் போகும், கல் அடியில் தங்கும். நண்டும் அரிக்கிறது. அதன் செவுள் அறையில் தண்ணீர் வைத்திருக்கிறது. அந்தத் தண்ணீரை வாய் உறுப்புகளுக்கு இடையே விட்டு மணலைக் கலக்குகிறது. கனமான மணல் துகள் ஒதுங்குகிறது, லேசான சத்து மிதந்து உள்ளே போகிறது. வாய் உறுப்புகளில் கரண்டி நுனி கொண்ட நுண்ணிய முடிகள் வரிசையாக உண்டு. அவை மணல் துகளைத் தேய்த்து, ஒட்டியிருப்பதை வழித்தெடுக்கின்றன. கடைசியில் தண்ணீரை முடிந்த அளவு திரும்ப உறிஞ்சிக்கொண்டு மணலை வெளியே தள்ளும். இருந்தாலும் ஒவ்வோர் உருண்டையோடும் கொஞ்சம் தண்ணீர் போய்விடும். அதைக் கால்களின் அடியில் உள்ள முடிக்கற்றை வழியாக ஈர மணலில் இருந்து உறிஞ்சி ஈடு செய்கிறது. மணல் காய்ந்துவிட்டால் அரிக்கவும் முடியாது, தண்ணீர் பிடிக்கவும் முடியாது. ஈரம் போனதும் சாப்பாடு முடிந்தது என்று மேலே சொன்னதற்கு இதுதான் காரணம்.

சரி, அந்தச் சத்து எது? காலை வெயில் விழும் ஈர மணலைச் சாய்வாகப் பாருங்கள். சில இடங்களில் மேல்பரப்பு லேசான பொன்பழுப்பாக மின்னும். டயாட்டம் என்ற ஒற்றைச் செல் பாசிகள்தான் அந்த நிறம். கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு கொண்டவை, வெயிலில் உணவு தயாரிப்பவை. வற்றத்தில், பகலில், மணல் துகள்களுக்கு இடையே ஊர்ந்து மேலே வரும். தண்ணீர் திரும்புமுன் கீழே இறங்கிவிடும். நண்டு ஏன் மேல் மணலை மட்டும் சுரண்டுகிறது என்பது இப்போது புரியும். சாப்பாடு அந்த மெல்லிய ஏட்டில்தான் இருக்கிறது. டயாட்டத்தோடு பாக்டீரியா, மக்கிய இலைத்தூள், கண்ணுக்குத் தெரியாத நுண்புழுக்களும் சேர்ந்து போகும்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு போத்தலில் நண்டு போட்ட உருண்டைகளை ஒரு கரண்டி அளவு சேருங்கள். இன்னொரு போத்தலில் அதே அளவு, நண்டு தொடாத பழுப்பு மேல்மணலைக் கரண்டி விளிம்பால் மெல்லச் சுரண்டிப் போடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு கடல்நீர் ஊற்றிக் குலுக்கி, வெள்ளைத் தட்டைப் போத்தலுக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள். மணல் உடனே படியும், மேலே நிற்கும் கலங்கலைத்தான் ஒப்பிட வேண்டும். எங்களுக்கு உருண்டைப் போத்தல் சீக்கிரம் தெளிந்தது. தொடாத மணல் வெகுநேரம் பழுப்பாகவே நின்றது. என் அக்காள் மகளுக்கு அன்றைய பதில் அந்தப் போத்தலில் கிடைத்தது. ஒரே ஒரு தடவை செய்து முடிவுக்கு வராதீர்கள். மூன்று இடத்தில் எடுத்துச் செய்யுங்கள்.

எண்ண வேண்டியவை: ஒரு நிமிடத்தில் எத்தனை உருண்டை, ஒரு கோடு எத்தனை சென்டிமீட்டர், கம்பிச் சதுரத்துக்குள் எத்தனை உருண்டை. அரை மணி கழித்து அதே சதுரத்தை மீண்டும் எண்ணுங்கள். ஒரு எச்சரிக்கை உண்டு. குழி தோண்டும்போது வெளியே கொண்டுவந்து போடும் மண்கட்டியும் உருண்டையாக இருக்கும். அது பெரியது, கரடுமுரடானது, குழி வாசலில் குவிந்திருக்கும். சாப்பிட்டுப் போட்ட உருண்டை சிறியது, வழுவழுப்பானது, மேய்ந்த வழியெங்கும் சிதறியிருக்கும். இரண்டையும் சேர்த்து எண்ணினால் கணக்கு கெட்டுவிடும். புதிதாக வருகிற எல்லோரும் இங்கேதான் தவறுகிறார்கள்.

சாப்பாட்டோடு நேரடித் தொடர்பு இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பூதக்கண்ணாடியில் இந்த நண்டுகளின் காலைப் பார்க்க வாய்த்தால், மேல் கணுவில் மெல்லிய வட்டச் சவ்வு ஒன்று தெரியும். காற்றில் இருந்து ஆக்சிஜனை அந்தச் சவ்வு வழியாக எடுத்துக்கொள்கிறது என்று 1986-இல் கண்டறிந்தார்கள். அதாவது காலால் மூச்சு விடுகிறது. மணிக்கணக்கில் தண்ணீருக்கு வெளியே மேய முடிவது இதனால்தான்.

ஐந்தாவது படி: பிடில் நண்டுக்கு ஒரு கை போதுமா?

சேற்று விளிம்புக்கு வாருங்கள். பிடில் நண்டில் ஆணுக்கு ஒரு கை மிகப் பெரியது. அதை ஆட்டிப் பெண்ணை அழைக்கலாம், இன்னோர் ஆணோடு சண்டை போடலாம், சோறு மட்டும் அள்ள முடியாது. மீதி இருக்கும் சின்னக் கை ஒன்றால்தான் சாப்பாடு. பெண்ணுக்கு இரண்டு கையும் சின்னது, இரண்டாலும் அள்ளுகிறது.

இது எண்ணிப் பார்க்க அருமையான விஷயம். இரண்டு பேர் சேர்ந்து செய்யுங்கள். ஒருவர் ஓர் ஆணைப் பார்க்க, மற்றவர் பக்கத்தில் உள்ள பெண்ணைப் பார்க்க, ஒரே ஐந்து நிமிடத்தில் வாய்க்குப் போன கைகளை எண்ணுங்கள். ஆண் எத்தனை முறை சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பெரிய கையை ஆட்டுகிறது என்பதையும் தனியாகக் குறியுங்கள். ஒரு கையால் சாப்பிடும் ஆண் அதிக நேரம் மேய்ந்து ஈடுகட்டுவது பல இனங்களில் தெரிந்த செய்தி. உங்கள் கரையில் எப்படி என்பதை உங்கள் நோட்டுப் புத்தகம் சொல்லட்டும்.

அரிக்கும் முறை இங்கேயும் அதேதான், தண்ணீரில் மிதக்கவிட்டுப் பிரிப்பது. ஒதுக்கிய மண் வாயின் அடியில் சேரும், சின்னக் கை அதை வழித்துக் கீழே போடும். வித்தியாசம் முடியில் இருக்கிறது. மணலில் வாழும் இனங்களுக்குக் கரண்டி நுனி முடிகள் அதிகம், மென்சேற்றில் வாழும் இனங்களுக்கு இறகு போன்ற முடிகள் அதிகம். கல் அரிக்க ஒரு பாத்திரம், மாவு சலிக்க ஒரு பாத்திரம் என்று நம் வீட்டில் வைத்திருப்பதைப்போலத்தான். ஒரு சேற்றுக்கரையில் ஒரே மாதிரித் தெரியும் பிடில் நண்டுகள் சில அடி தூரத்துக்குள் இனம் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். எவருடைய முடி எந்த மண்ணை அரிக்க முடியுமோ, அவர் அங்கேதான் பிழைக்க முடியும்.

குழிப்பக்கத்து மண் காய்ந்ததும் சிலது கூட்டமாகத் தண்ணீர் ஓரத்துக்கு இறங்கிப் போய் மேய்ந்துவிட்டு வரும். அந்த ஊர்வலத்தைக் கண்டால் எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சும்மா பாருங்கள்.

ஆறாவது படி: இலைக்கு நூல் கட்டுங்கள்

பாக்காவ் காட்டுக்குள் இருக்கும் பட்டையான உடல் நண்டுகளின் கதை வேறு. அவை உதிர்ந்த இலையைத் தின்கின்றன. மலாயாப் பல்கலைக்கழகத்தின் சசிகுமார் 1974-இலேயே கிள்ளான் பக்கத்துச் சதுப்புக் கரையில் எந்த உயிர் எந்த உயரத்தில் வாழ்கிறது என்று விரிவாக எழுதியவர். பின்னர் 1985-இல் அவரும் லே என்ற ஆய்வாளரும் சேர்ந்து இந்த நண்டுகளின் வயிற்றைத் திறந்து ஆராய்ந்தார்கள். சதுப்பு மரங்களின் இலைத்துணுக்குதான் பெரும்பங்கு. இந்தக் கரையைப் பற்றிய அறிவில் இந்த நாட்டு ஆய்வாளர்களுக்கும் பங்கு உண்டு என்பதைப் பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

காட்டுக்குள் போக வேண்டியதில்லை. உறுதியான தரை உள்ள விளிம்பே போதும். உதிர்ந்த பாக்காவ் இலைகளைப் பொறுக்குங்கள். பச்சையாக விழுந்தவை நான்கு, மஞ்சள் நான்கு, கறுத்து அழுகத் தொடங்கியவை நான்கு. மரத்தில் இருந்து பறிக்க வேண்டாம். ஒவ்வொன்றின் காம்பிலும் ஒரு மீட்டர் நூல் கட்டி, மறுமுனையில் நிறத் துணியைக் கட்டுங்கள். துணியைக் குச்சியில் முடிச்சுப் போட்டு நடுங்கள். இலையைத் தரையில் விட்டுவிட்டு ஒதுங்கிப் போய் உட்காருங்கள்.

நூல் ஓடுவதைப் பார்க்கும்போது பிள்ளைகள் கத்தாமல் இருக்க மாட்டார்கள். நண்டு இலையைக் கவ்விக் குழிக்குள் இழுத்துக்கொண்டு போகும். நூலைப் பிடித்து இழுக்காதீர்கள், அது எந்தக் குழி, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று மட்டும் நூலின் நீளத்தை வைத்துக் கணக்கிடுங்கள். முடிந்ததும் வெளியே தெரியும் நூலை எல்லாம் வெட்டி எடுத்துவிட வேண்டும். பருத்தி நூலாக இருப்பது முக்கியம், நைலான் வேண்டாம்.

இலை அவ்வளவு நல்ல சாப்பாடு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாக்காவ் இலையில் கார்பன் மிக அதிகம், நைட்ரஜன் மிகக் குறைவு. துவர்ப்பான டானின் வேறு. வெறும் இலையை மட்டும் தின்று வளர்வது கடினம். அதனால் இந்த நண்டுகள் இடையிடையே மண்ணின் மேல்படலத்தையும் சுரண்டும், செத்த மீன் கிடைத்தால் அதையும் விடாது. இலையை மட்டும் தின்னும் பிராணி என்று முடிவு கட்டுமுன் ஒரே நண்டை அரை மணி நேரம் பாருங்கள், இரண்டாவது உணவு கண்ணில் படும். இழுத்துப்போன இலையின் மீதி குழிக்குள் மக்கும். தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டிய இலை இப்படிக் காட்டுக்குள்ளேயே தங்குகிறது.

ஏழாவது படி: தண்ணீரை வலைபோட்டுத் தின்பவை

தெரித்திப் ஒட்டியிருக்கும் கல் ஒன்று தளர்வாகக் கிடந்தால், கடல்நீர் நிரம்பிய போத்தலில் மெதுவாக இறக்குங்கள். ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுத்தால் செத்துவிடும். நிழலில் வைத்து, அசைக்காமல் காத்திருங்கள். உச்சியில் உள்ள கதவு திறக்கும். உள்ளே இருந்து இறகு விசிறி ஒன்று வெளியே வந்து, தண்ணீரைத் துழாவி, சுருண்டு உள்ளே போகும். மறுபடி வரும். அந்த விசிறி அதன் கால்கள். சிப்பி என்று நாம் நினைக்கும் இந்த உயிர் நண்டுக்கும் இறாலுக்கும் உறவு. தலையைக் கல்லில் ஒட்டிக்கொண்டு, காலால் தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிரைப் பிடித்து வாயில் போடுகிறது. ஏற்றத்தில் மட்டும்தான் சாப்பாடு, வற்றத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஈரத்தைக் காப்பாற்றும். மற்ற நண்டுகளுக்கு நேர் எதிரான நேரக் கணக்கு.

பார்த்து முடித்ததும் கல்லை எடுத்த இடத்திலேயே, எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அப்படியே வையுங்கள்.

குட்டையில் உள்ள சின்னச் சங்கு நண்டுகளில் டயோஜெனஸ் என்ற வகை இதே வேலையை உணர்கொம்பால் செய்யும். கொம்பில் இறகு போன்ற முடி, அதைத் தண்ணீரில் வீசி வீசிப் பிடித்ததை வாயில் துடைத்துக்கொள்ளும். ஓய்ந்த நேரத்தில் தரையையும் கிளறும், செத்ததையும் தின்னும். அகப்பட்டதை விடாத குணம்.

நம் சமையலறைக்கு வரும் கெராகாவ் என்ற பொடி இறாலும் இந்தக் கூட்டம்தான். கரையோரம் கூட்டமாக நீந்தி, மிதக்கும் பாசி, நுண்ணுயிர், மக்கிய தூள் எல்லாவற்றையும் தின்கிறது. அந்த இறாலில் செய்யும் பிளாச்சான் பசையை வறுக்கும்போது வீடு முழுக்க எழும் அந்த வாசனையின் தொடக்கம் கடலோரத்துப் பாசியும் மக்கலும்தான்.

எட்டாவது படி: இருட்டில் ஒரு மணி நேரம்

இரவுப் பார்வைக்குப் பெரியவர் இருவராவது கூட இருக்க வேண்டும். கரையின் மேல்பகுதியைத் தாண்டி இறங்க வேண்டாம். கைவிளக்கின் கண்ணாடியில் சிவப்புத் தாளை ரப்பர் வளையத்தால் கட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு வெளிச்சத்தில் இவை அவ்வளவாக மிரளுவதில்லை.

குப்பைக் கோட்டில், மூன்றாவது படியில் பார்த்த துள்ளும் உயிர்கள் இலை மேல் மொய்த்திருக்கும். சுத்தமான மணல் உள்ள கரையாக இருந்தால் பேய் நண்டும் வெளியே வரும். மலேசியத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் நன்றாகப் பார்க்கலாம். வெளிர் நிறம், தண்டின் மேல் கண், முதிர்ந்தவற்றுக்குக் கண்ணுக்கு மேலே கொம்பு. இதுவரை பார்த்தவை அரிப்பவையும் மேய்பவையும். இது வேட்டைக்காரன். சின்னச் சிப்பி, மற்ற நண்டு, ஆமைக் குஞ்சு, கரை ஒதுங்கிய மீன் எல்லாம் அதற்கு உணவு. ஆனால் அதே பேய் நண்டு சில சமயம் ஈர மணலை அள்ளி அரித்துத் தின்பதும் உண்டு, குறிப்பாக இளையவை. ஒரு மீன் தலையை மணலில் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி உட்கார்ந்து, முதலில் வந்தது யார், எத்தனை நிமிடத்தில், தின்றதா, இழுத்துப் போனதா என்று குறியுங்கள்.

ஒன்பதாவது படி: எழுதும் முறை

தேதி, திதி, வற்ற நேரம், வானிலை, இடம். அப்புறம் பார்த்தது. பார்த்ததையும் நினைத்ததையும் ஒரே வரியில் எழுதாதீர்கள். "இலையைக் கையில் வைத்திருந்தது" என்பது பார்த்தது. "இலையைத் தின்றது" என்று எழுத வேண்டுமானால் வாய்க்குள் போனதைப் பார்த்திருக்க வேண்டும். கையில் இருப்பதெல்லாம் வாய்க்குப் போவதில்லை. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பத்து வயதுப் பிள்ளையின் குறிப்பும் நம்பத்தக்க குறிப்பாகிவிடும்.

ஒரே இடத்துக்கு மாதம் ஒரு தடவை, ஒரே திதியில் போங்கள். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை வடக்கே இருந்து வலசை வரும் கரைப்பறவைகள் இதே நண்டுகளைத் தின்ன இதே சேற்றுக்கு வரும். அந்த மாதங்களில் நண்டு வெளியே இருக்கும் நேரம் மாறுகிறதா என்று ஒப்பிட உங்களிடம் பழைய பக்கம் இருக்க வேண்டும்.

கிளம்புமுன் கடைசியாக ஒன்று. ஏற்றம் தொடங்கியதும், தண்ணீர் ஓரத்தில் இருந்து பத்திரமான தூரத்தில் நின்று, தளதளவென்று ஈரம் ஊறிய மணலில் உள்ள டொட்டில்லாவைப் பாருங்கள். சாப்பாட்டை நிறுத்திவிட்டிருக்கும். சுற்றிச் சுற்றி வந்து மண் உருண்டைகளைத் தன்னைச் சுற்றிச் சுவராக அடுக்கும். அடுக்கிக்கொண்டே போய் மேலே கூரையும் போட்டு மூடிவிடும். உள்ளே கொஞ்சம் காற்று. அந்தக் காற்றோடு அப்படியே கீழே இறங்கும். என் அக்காள் மகள் அன்று நோட்டில் எழுதிய கடைசி வரி: "11.40. கூரை மூடியது. இப்போது சாப்பிடவில்லை."